தட்டில் வைத்தால் புறா, கொத்தாகக் கட்டினால் குருவி

மொட்டைமாடியிலோ பால்கனியிலோ ஒரு தட்டில் கொஞ்சம் அரிசியும் கம்பும் வைக்கிறோம். சிட்டுக்குருவி வர வேண்டும் என்பது ஆசை. முதல் ஓரிரு நாள் குருவிகள் எட்டிப் பார்க்கவும் செய்கின்றன. பிறகு ஒரு மாடப்புறா வந்து இறங்குகிறது. அதைப் பார்த்து இன்னொன்று. வாரம் முடிவதற்குள் கூட்டமாக வந்து தட்டைச் சில நிமிடங்களில் காலி செய்துவிட்டுக் கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்து அடுத்த வேளைக்குக் காத்திருக்கின்றன. சுவரெல்லாம் எச்சம். குருவி எதிர்வீட்டுக் கேபிள் கம்பியோடு நின்றுவிடுகிறது. சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதுதான் கதை.

இதற்குப் பிறகு பலர் தீனி வைப்பதையே விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் கைதட்டியும் கம்பை ஆட்டியும் புறாவை விரட்டிக் களைத்துப்போகிறார்கள். புறாவின் உடம்பும் பழக்கமும் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டுமே தேவையில்லை. எந்தப் பாத்திரம், என்ன தானியம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் மாற்றினாலே விருந்தாளிகள் மாறிவிடுவார்கள். புறாவுக்கு ஒரு தீங்கும் செய்யாமல் இதைச் செய்யலாம். குருவிக்கு நாம் அறியாமல் செய்துகொண்டிருக்கும் தீங்கையும் நிறுத்தலாம்.

பாறை விளிம்புக்குப் பிறந்த பறவை

மாடப்புறாவின் முன்னோர் கடலோரப் பாறைகளிலும் மலைச் சரிவுகளிலும் கூடு கட்டியவை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் அவற்றைப் பிடித்து இறைச்சிக்கும் தூதுக்கும் அழகுக்கும் வளர்த்தார்கள். கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்களும் காட்டிலிருந்து நேராக வந்தவையும் கலந்ததுதான் இன்றைய நகரத்துப் புறாக் கூட்டம். நம் ஊரில் கோயில் கோபுரம், பழைய கோட்டை, பாழுங்கிணறு ஆகியவற்றின் விளிம்புகள் அவற்றுக்குப் பாறைகளாக அமைந்தன. இப்போது ஏசி அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம், குளியலறைக் குழாய்கள் இறங்கும் டக்ட், சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. காங்கிரீட் நகரம் புறாவின் கண்ணுக்கு முடிவில்லாத பாறைச் சரிவு.

தரையில் நடந்து தானியம் பொறுக்குவதுதான் புறாவின் வாழ்க்கை முறை. அதன் எடை 300 கிராமுக்கு மேல் போகும்; தலை முதல் வால் நுனி வரை 32 சென்டிமீட்டர் அளவுக்கு நீளம் உண்டு. சிட்டுக்குருவியோ 25 முதல் 30 கிராம். ஒரு புறாவின் எடைக்குப் பத்துக் குருவிகள் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதித் தீர்வு இருக்கிறது.

புறா கம்பியிலும் குழாயிலும் உட்காரும். ஆனால் உட்கார்ந்த இடம் ஆடாமல் இருக்க வேண்டும். முன்னால் குனிய இடமும் வேண்டும். காற்றில் ஊசலாடும் ஒன்றைக் காலால் பற்றித் தொங்கிக்கொண்டு, தலையைத் திருப்பிக் கொத்துவது அதற்கு ஆகாத வேலை. இறக்கையடித்து அந்தரத்தில் நிற்க முயன்றாலும் சில நொடிகளுக்கு மேல் தாங்காது. அவ்வளவு ஆற்றலைச் செலவழித்துக் கிடைக்கும் இரண்டு மணிகள் கட்டுப்படியாவதும் இல்லை. குருவியும் சில்லை போன்ற சிறு பறவைகளும் செங்குத்தான புல் தண்டையே பற்றிக்கொண்டு சாப்பிடக்கூடியவை.

விழுங்குவதும் உரிப்பதும்

வாயிலும் இதே போன்ற வித்தியாசம் இருக்கிறது. குருவி ஒரு நெல்லை எடுத்தால் அலகின் ஓரத்துக்குத் தள்ளி, நாக்கால் உருட்டி, உமியைக் கீறி உதிர்த்துவிட்டு அரிசியை மட்டும் உள்ளே எடுக்கும். அருகிலிருந்து பார்த்தால் அலகின் இரு பக்கமும் உமித் துகள்கள் மெல்ல உதிர்வது தெரியும். ஒவ்வொரு மணிக்கும் இந்த வேலை உண்டு. புறா உரிப்பதில்லை. மணியை அப்படியே விழுங்குகிறது. விழுங்கியது கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையில் சேர்கிறது. பிறகு பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சிறு கற்கள் நிறைந்த அரைவைப்பைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் அரைபடுகிறது. திறந்த வெளியில் வல்லூறுக்கும் பூனைக்கும் பயந்து சாப்பிட வேண்டிய பறவைக்கு இது அருமையான ஏற்பாடு. குருவி நான்கு மணியை உரிப்பதற்குள் புறா தீனிப்பையை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 கிராம் தானியம், அதாவது ஒரு குருவியின் எடை, ஒரு புறாவுக்குத் தேவை. தட்டு எப்படி அத்தனை வேகமாகக் காலியாகிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

விழுங்கும் பறவைக்குப் பெரிய மணிதான் லாபம். மக்காச்சோளம், கோதுமை, பட்டாணி, சோளம், அரிசி என்றால் ஒரு கொத்துக்கு நிறையக் கிடைக்கும். தினை, சாமை போன்ற பொடிமணிகளில் ஒரு கொத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆகவே கடையில் ‘பறவைத் தீனி’ என்று விற்கும் கலவையில் சோளமும் கோதுமையும் மிகுதியாக இருந்தால் அது புறாவுக்கான அழைப்பிதழ். தட்டில் கொட்டி வைத்தால் புறா தினையையும் விடாது. எனவே தானியத்தை மாற்றுவது பாதி வேலைதான். பாத்திரத்தையும் மாற்றினால்தான் முழுமையாகும்.

மேலை நாடுகளில் தோட்டத் தீனிக் குழல்களில் நிரப்பும் கறுப்பு நிற நைஜர் விதை நம் பேய் எள்தான். ஒடிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திர மலைப்பகுதிகளில் விளையும் இந்த எண்ணெய் வித்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள தோட்டங்களுக்குப் பறவைத் தீனியாகவே கப்பலேறுகிறது. ஊசி போன்ற அலகுள்ள கோல்டுஃபின்ச் அதை மிகச் சிறிய துளைகள் வழியே உருவித் தின்னும். அந்தத் துளைக்குள் புறாவின் அலகு நுழையாது.

புறாப்பாலும் பூச்சியும்

புறா ஏன் இவ்வளவு பெருகுகிறது? விடை அதன் குஞ்சு வளர்ப்பில் இருக்கிறது. பெரும்பாலான சிறு பறவைகள், தானியம் தின்பவையானாலும், முதல் சில நாட்கள் குஞ்சுகளுக்குப் பூச்சியைத்தான் ஊட்ட வேண்டும். வளரும் உடம்புக்குத் தேவையான புரதம் தானியத்தில் போதாது. புறா இந்தக் கட்டாயத்திலிருந்து தப்பித்துவிட்டது. குஞ்சு பொரிக்கும் தருணத்தில் தாய், தந்தை இரண்டின் தீனிப்பைச் சுவரும் தடித்து, கொழுப்பும் புரதமும் மிகுந்த வெண்ணிறப் பொருளைச் சுரக்கிறது. அதைப் புறாப்பால் என்கிறார்கள். பாலூட்டிகளில் தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் புரொலாக்டின் ஹார்மோனே இதையும் தூண்டுகிறது. 1930களில் அந்த ஹார்மோனை அடையாளம் கண்டு பெயரிட உதவியதும் புறாவின் தீனிப்பைதான்.

பூச்சிகளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதால் புறாவுக்குப் பருவமும் பெரிய தடையில்லை. தானியம் கிடைத்தால் ஆண்டு முழுவதும் முட்டையிடும். ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை, 18 நாள் போல அடைகாப்பு, ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். பல சமயம் முந்திய குஞ்சுகள் கூட்டைவிட்டுப் போகும் முன்பே அடுத்த ஈடு தொடங்கிவிடும். நாம் போடும் ஒவ்வொரு பிடி தானியமும் நேராகப் புறாக் குஞ்சாக மாறக்கூடியது. குருவிக்கு அப்படி இல்லை. தானியத்தைக் குவித்தாலும், அக்கம்பக்கத்தில் புழுவும் பூச்சியும் இல்லையென்றால் குருவிக் குஞ்சு பிழைக்காது.

இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இலும் 2023இலும் வந்த தேசிய அறிக்கைகள் இதோடு பொருந்துகின்றன. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மெல்லக் குறைகிறது. மாடப்புறாவோ வேகமாகப் பெருகிவரும் இனங்களில் ஒன்று.

பிரிட்டன் கற்ற பாடம்

தோட்டத்தில் பறவைக்குத் தீனி வைப்பதை நாட்டுப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்ட நாடு பிரிட்டன். அங்கு ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கம் 1979 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொதுமக்களைக் கொண்டு தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அங்குள்ள தொல்லை, நம் மாடப்புறாவைவிடப் பெரிய மரப்புறா. அரைக் கிலோ எடை. ஒரு காலத்தில் வயல்வெளிப் பறவையாக இருந்தது 2025 கணக்கில் தோட்டங்களில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் தீனி வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அதைத் தீனிமேடையில் கண்டிருந்தார்கள்; 40 ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் காண்கிறார்கள்.

புறா வந்தால் தீனி போகும், அவ்வளவுதானே என்று அங்கும் நினைத்தார்கள். 2005இல் கிரீன்ஃபின்ச் என்ற பச்சை நிறக் குருவிகள் தொண்டை வீங்கி, இறகு சிலிர்த்து, தீனிமேடைகளின் அருகிலேயே விழுந்து இறப்பது தெரியவந்தது. காரணம் டிரைக்கோமோனாஸ் கல்லினே என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. இது பறவையின் தொண்டையிலும் தீனிப்பையிலும் வாழ்வது. உலகெங்கும் புறாக்களின் தொண்டையில் காலங்காலமாகக் குடியிருக்கிறது. புறாப்பால் வழியாகவே பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குப் போய்விடும். பல புறாக்களுக்கு அதனால் எந்த நோயும் தெரிவதில்லை. புறா வளர்ப்பவர்களுக்கு இது மிகப் பழைய எதிரி. ஃபின்ச் குருவிகளுக்கு அது புதிது.

எப்படித் தாவியது? உறுதியாக ஒரு தருணத்தைச் சுட்ட முடியாவிட்டாலும், தோட்டத்தில் புறாவும் ஃபின்ச்சும் ஒரே தட்டைப் பகிர்ந்துகொண்டதே வழி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோயுற்ற பறவையால் விழுங்க முடியாது. மணியை எடுத்து, எச்சில்பட, மறுபடி கீழே போட்டுவிடும். அடுத்த பறவை அதே ஈர மணியை எடுக்கும். தண்ணீர்க் கிண்ணத்திலும் அதே கதை. தட்டையான பரப்பு, தேங்கிய ஈரம், நெருக்கியடிக்கும் கூட்டம் மூன்றும் சேர்ந்த இடம் ஒட்டுண்ணிக்குப் பாலமாகிவிடுகிறது. சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் கிரீன்ஃபின்ச் 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறைந்தது. 2021இல் அது அழிவின் ஆபத்தைக் காட்டும் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025 தொடக்கத்தில், ஆதாரங்களை மறுஆய்வு செய்யும்வரை தட்டையான பரப்புள்ள தீனிமேடைகளை விற்பதில்லை என்று அந்தப் பாதுகாப்புச் சங்கமே முடிவெடுத்தது. பறவைக்குத் தீனி வைக்கச் சொல்லி ஊரைப் பழக்கிய சங்கம் எடுத்த முடிவு இது என்பதால் அதன் கனம் அதிகம்.

இந்த ஒட்டுண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. காய்ந்தால் செத்துவிடும். வெயிலுக்குக் குறைவில்லாத நமக்கு இது பெரிய வசதி. கழுவி வெயிலில் காயவைத்த பாத்திரம் நல்ல மருந்து.

பலிக்காதவை

புறாவை விரட்டச் சந்தையில் கிடைப்பவற்றில் பல, புறாவின் புலன்களைப் பற்றித் தெரியாமல் செய்தவை. மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பும் கருவி ஓர் எடுத்துக்காட்டு. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். புறாவுக்கு மேல் எல்லை ஏறத்தாழ 6,000 ஹெர்ட்ஸ்தான். நமக்கே கேட்காத ஒலி அதற்கு எப்படிக் கேட்கும்? மாறாக, நமக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த ஒலிகளை அது கேட்கிறது. மீயொலிக் கருவிக்குப் பணம் கொடுப்பது வீண்.

பிளாஸ்டிக் ஆந்தை, பழைய சிடி, மினுங்கும் நாடா ஆகியவை சில நாட்களுக்கு வேலை செய்யும். ஆந்தை அசையவில்லை, யாரையும் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அதன் தலைமேலேயே வந்து உட்காரும். புறாவின் நினைவாற்றல் அப்படி. 1984இல் வெளியான ஆய்வில், 320 படங்களை எது இரை தரும், எது தராது என்று பிரித்தறியக் கற்ற புறாக்கள் இரண்டாண்டு கழித்தும் அதை மறக்கவில்லை. 2011இல் வெளியான, பாரிஸ் பூங்கா ஒன்றில் நடந்த சோதனையில் தீனி வைத்த இருவரில் ஒருவர் புறாவை விரட்டினார், மற்றவர் விரட்டவில்லை. பிறகு இருவருமே அமைதியாக இருந்தபோதும், மேலங்கியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தபோதும், விரட்டியவரை அடையாளம் கண்டு புறாக்கள் விலகின. விரட்டினால் உங்களைப் பார்த்துத்தான் அது பயப்படும். தட்டைப் பார்த்துப் பயப்படாது. நீங்கள் உள்ளே போனதும் அது வந்துவிடும்.

பிடித்துப்போய் வெகுதூரத்தில் விடுவதும் பயன் தராது. பந்தயப் புறாக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரிலிருந்து வீடு திரும்புபவை. சென்னையில் தலைமுறைகளாகப் புறாப் பந்தயம் நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்துப் புறாவிடமும் அந்தத் திறமையின் மிச்சம் உண்டு. ஒட்டும் பசை, விஷம், ஏர் கன் ஆகியவை கொடுமை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட. பசை குருவியின் இறகிலும் ஒட்டும். விஷம் யார் தின்பார்கள் என்று பார்த்து வேலை செய்யாது.

பலிப்பவை

முதலில் தட்டை எடுத்துவிடுங்கள். தட்டையான பரப்பில் தானியம் இருக்கும்வரை மற்ற எந்த உபாயமும் நிற்காது. அதற்குப் பதில் தொங்கவிடுங்கள்.

மிக எளியது, நம் வீடுகளில் முன்பே இருந்த நெற்கதிர்க் குஞ்சம். அறுவடை முடிந்ததும் நல்ல கதிர்களைப் பின்னிக் கொத்தாக்கித் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் கட்டித் தொங்கவிடுவார்கள். குருவி தாளைப் பற்றிக்கொண்டு தலைகீழாகவும் தொங்கி நெல்லை உருவும்; புள்ளிச் சில்லைகளும் வரும். காற்றில் ஆடும் கொத்தில் புறாவுக்குக் கால்வைக்க இடமில்லை. உமியோடு இருப்பதால் தானியம் சீக்கிரம் பூஞ்சைபிடிக்காது. எல்லாப் பறவையும் ஒரே இடத்தில் எச்சில் வைக்கும் சங்கடமும் குறைவு. நெற்கதிர் கிடைக்காத நகரத்தில், லவ் பேர்ட்ஸுக்கென்று கடைகளில் விற்கும் தினைக் கதிரைக் கட்டலாம். கொடி அல்லது கம்பியின் நடுவில், சுவரிலிருந்தும் கைப்பிடியிலிருந்தும் இரண்டு அடிக்கு மேல் தள்ளிக் கட்டுங்கள். பக்கத்தில் நின்று எட்டிக் கொத்தும் வாய்ப்பைப் புறாவுக்குத் தரக்கூடாது.

உதிரித் தானியம்தான் வேண்டுமென்றால் குழல் வடிவப் பாத்திரம் நல்லது. தண்ணீர் பாட்டிலில் துளையிட்டும் செய்துகொள்ளலாம். கவனிக்க வேண்டியது, பறவை உட்காரும் குச்சியின் நீளம். மூன்று சென்டிமீட்டர் போதும். குருவி அதில் வசதியாக உட்காரும். புறா உட்கார்ந்தால் அதன் நெஞ்சு பாட்டிலில் முட்டும். தலையைக் குனிந்து துளையை எட்ட இடமிருக்காது. பல கடைகளில் கிடைக்கும் பாத்திரங்களின் அடியில் அகலமான வட்டத் தட்டு இருக்கும். சிந்துவதைப் பிடிப்பதற்காக என்பார்கள். அதுதான் புறாவின் இறங்குதளம். கழற்றிவிடுங்கள்.

கூட்டம் ஏற்கெனவே பழகிவிட்ட இடத்தில் கம்பிக் கூண்டு தேவைப்படும். ஒன்றரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்ஷை வளைத்துக் கூண்டாக்கி நடுவில் தீனிக் குழலைத் தொங்கவிட வேண்டும். குருவியும் சில்லையும் நுழைந்துவிடும். புறா, காகம், மைனா நுழையாது. அணில் நுழையும், அதைத் தடுப்பது வேறு கலை. கூண்டுக் கம்பிக்கும் குழலுக்கும் எல்லாப் பக்கமும் அரைச் சாண் இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் புறா தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சாப்பிட்டுவிடும். வெட்டிய கம்பி முனைகளை உட்பக்கமாக மடக்காமல் சுருட்டி மழுக்கிவிடுங்கள். உச்சியைக் கூம்பாக்கினால் மேலே உட்கார்ந்து உள்ளே எச்சமிடுவது நிற்கும். தண்ணீர்க் கிண்ணமும் இதேபோன்ற கூண்டுக்குள் இருந்தால் நல்லது. பெரும்பாலான பறவைகள் ஒரு மிடறு எடுத்துத் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா அலகை முக்கி உறிஞ்சிக் குடிப்பது. அலகு முழுக முடியாத இடத்தில் அது அதிகநேரம் நிற்காது.

கீழே சிந்துவதை மறந்துவிடக்கூடாது. குருவி உரிக்கும்போது உமியோடு மணியும் விழும். தரையில் விழுந்த மணியே புறாவுக்கு முதல் தகவல். தினமும் துடைத்து எடுக்க வேண்டும். கொத்துக்கு நேர்கீழே அடர்ந்த செடித்தொட்டிகளை வைத்தால் விழும் மணி இலைகளுக்குள் போய்விடும். புறாவுக்கு அங்கே நடக்க இடமில்லை.

புறா குடியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு இருந்தால் அது பக்கத்திலேயேதான் திரியும். முட்டையோ குஞ்சோ இருந்தால் ஒரு மாதம் பொறுத்து, பறந்த பிறகு இடைவெளிகளைக் கம்பிவலையால் மூடுங்கள். பால்கனிக்கு நைலான் வலை கட்டுபவர்கள் இறுக்கமாகக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் புறாவும் கிளியும் வௌவாலும் சிக்கிப் பட்டினியால் இறக்கின்றன.

அளவைக் குறைத்தால் கூட்டம் குறையும்

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் இதில் உலகுக்கே ஒரு பாடம். 1961 முதல் 1985 வரை அங்கே ஒரு லட்சம் புறாக்கள் அளவுக்குக் கொன்றார்கள். புறாக்களின் எண்ணிக்கை 20,000 என்ற அளவிலேயே நின்றது. தீனி அப்படியே இருந்ததால், இறந்தவற்றின் இடத்தை இளம் புறாக்கள் உடனுக்குடன் நிரப்பின. 1988இல் தொடங்கிய புதிய திட்டத்தில், தானியம் போடுவது புறாவுக்கே கேடு என்பதைப் பொதுமக்களுக்கு விளக்கினார்கள். நெரிசல், நோய், கூட்டில் மடியும் குஞ்சுகள் ஆகியவற்றைப் படமாகக் காட்டினார்கள். தீனி குறைந்தது. சுமார் நான்கு ஆண்டுகளில் எண்ணிக்கை பாதியானது. கொல்லாமலே.

நம் நாட்டிலும் இந்த விவாதம் வந்துவிட்டது. 2025இல் மும்பையில் கபூதர்கானா எனப்படும் புறாத் தீனித் திடல்களை மூடும் பிரச்சினை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. தானியம் போடுவதைப் புண்ணியமாகக் கருதுவோரின் மனத்தை நான் மதிக்கிறேன். உயிருக்கு உணவிடுவது நம் மண்ணிலும் ஊறிய அறம்; காக்கைக்கு வைக்காமல் உண்ணாத வீடுகள் இன்றும் உண்டு. அந்த வழக்கத்தில் ஓர் அளவு இருந்தது. ஒரு பிடி சோறு, ஒரு வேளை. மூட்டை மூட்டையாகக் கொட்டும் தானியம் அந்த அறத்தின் தொடர்ச்சியாகாது.

ஆகவே நாள்முழுக்கத் தீனிப் பாத்திரம் நிரம்பியிருக்க வேண்டியதில்லை. காலையில் சின்னப் பறவைகள் ஒரு மணிநேரத்தில் முடிக்கும் அளவு வைத்து, மீதியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்டதென்றால் இரண்டு வாரம் முழுவதுமாக நிறுத்திவிட்டு, பிறகு தொங்கும் கொத்தோடு மறுபடி தொடங்குங்கள். குருவிக்கு வேறு வழிகள் உண்டு. உங்கள் ஒரு பாத்திரத்தை நம்பி அது வாழவில்லை. புறாக் கூட்டம் அதற்குள் வேறிடம் பார்த்துக்கொள்ளும்.

நம் நுரையீரலுக்காகவும்

காய்ந்த புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை செழித்து வளரும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு அது மூளைக் காய்ச்சல்வரை கொண்டுபோகும். எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதத் துகள்களைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் திசு ஒவ்வாமையால் வீங்கி, மெல்ல மெல்லத் தழும்பேறிவிடும். 2017இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, நுரையீரல் திசு நோயுடன் வந்த 1,084 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இந்த ஒவ்வாமை வகை நோயே இருந்தது. ஏர் கூலரின் ஈரமும் பூஞ்சையும் பறவைகளும் காரணங்களில் அடக்கம்.

அதற்காக ஒரு புறாவைப் பார்த்ததும் பயந்து ஓட வேண்டாம். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசு எழும்பும். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூக்கு வாயை மூடும் முகக்கவசமும் கையுறையும் போட்டு வழித்தெடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் அந்த வேலையைச் செய்யாதிருப்பது நல்லது. தீனிப் பாத்திரத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் தினமும் கழுவி வெயிலில் வையுங்கள். பாத்திரம் இரண்டு இருந்தால் ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும்.

தானியத்தைத் தாண்டி

லண்டன் புறநகர்களில் சிட்டுக்குருவி ஏன் குறைந்தது என்று தேடிய ஆய்வாளர்கள், சில குருவிக் குடியிருப்புகளில் கூடு கட்டும் பருவத்தில் புழுக்களைத் தீனியாக வைத்துப் பார்த்தார்கள். அங்கே கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது. குஞ்சுகளுக்குப் பூச்சிதான் பற்றாக்குறை என்பது நிரூபணமாயிற்று. ஆனாலும் அதனால் மட்டும் முதிர்ந்த குருவிகளின் எண்ணிக்கை பெருகிவிடவில்லை. மறைவிடமும் கூடுகட்டும் இடமும் சேர்ந்தால்தான் குருவிக்கு வாழ்க்கை.

குருவிக்காக நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, புறாவால் எடுத்துக்கொள்ளவே முடியாத உதவி. பூச்சி மருந்து அடிக்காத ஓர் அவரைப் பந்தல் இருந்தால் அசுவினி வரும். அதைத் தேடிக் குருவியும் தையல்சிட்டும் வரும். கறிவேப்பிலையில் வண்ணத்துப்பூச்சிப் புழு வளரும். மருதாணி வேலி அடர்ந்தால் குருவிகள் அதற்குள் புகுந்து பூனைக்கும் வல்லூறுக்கும் தப்பும். அகன்ற இறக்கையுள்ள புறாவுக்கு அந்த அடர்த்தியில் வேலையில்லை. சுவரில் மாட்டும் மரப்பெட்டியின் வாயை 32 மில்லிமீட்டர் வட்டமாகச் செய்தால் குருவிக்கு வீடாகும். புறாவின் தலையே அதில் மாட்டிக்கொள்ளும் அளவு என்பதால் அது முயலாது. பால்கனியில் ஐந்து தொட்டிகளே இருந்தாலும் இவற்றில் ஒன்றிரண்டைச் செய்ய முடியும்.

புறா நமக்கு எதிரியல்ல. நாம் கட்டிய பாறைகளில் குடியேறி, நாம் கொட்டிய தானியத்தைத் தின்று, தன் உடம்புக்கு இயல்பானதைச் செய்கிறது. அதைத் திட்டுவதில் பயனில்லை. பறவைக்கு உணவிடுகிறவர் அந்த உணவு யாருக்குப் போகிறது, அதனோடு என்ன நோய் போகிறது, யார் அதனால் பெருகுகிறார்கள் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு கதிர்க் கொத்தைக் கட்டி, ஒரு மருதாணிக் குச்சியை ஊன்றுங்கள். குருவி மேல் உண்மையான அக்கறை இருப்பவர் இந்த வாரமே தொடங்கக்கூடிய வேலை இது.